துணைக்கு வந்தவள்

நிவேதா,

மூன்று நாளாக நீ என்னோடு சரியாகப் பேசவில்லை. "ஏம்மா ஏர்போர்ட்டுக்கு வரமாட்டேன்ற?" என்று கேட்டாய். முட்டி வலிக்கிறது என்றேன். நீ நம்பவில்லை. போன பௌர்ணமிக்குச் செருப்பில்லாமல் மலையைச் சுற்றி வந்தவளுக்கு, காரில் உட்கார்ந்தபடியே சென்னைக்கு வர மட்டும் முட்டி வலிக்குமா என்று நீ நினைத்திருப்பாய். காரணம் வேறு. அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ உள்ளறையில் பெட்டியை எடை பார்ப்பதும், ஒரு சேலையை எடுத்து வெளியே போடுவதும், மறுபடி எடை பார்ப்பதுமாக இருக்கிறாய். நான் சமையல்கட்டில் குக்கர் விசிலுக்குக் காத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. இது உன் அத்தை காதில் விழுந்தால், பெற்ற மகள்மேல் எந்தத் தாய்க்காவது பொறாமை வருமா என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று பெரியவர்கள் சும்மாவா சொல்லிவைத்தார்கள்?

இது நேற்று வந்த பொறாமை இல்லை. நீ பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம், ஆசிரமத்துப் பக்கம் ஒரு மாடி வீட்டில் கல்கத்தாவிலிருந்து வந்த மேடம் ஒருவர் ஆங்கிலம் சொல்லித்தருகிறார் என்று உன் சிநேகிதி சொன்னாள். நீ போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். உன் அப்பா நம் லாட்ஜ் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே, "வயசுப் பொண்ணு, சாயந்தரம் செங்கம் ரோடு வரைக்கும் தனியா எதுக்கு? உங்கம்மா கூட வரட்டும்" என்றார். அவ்வளவுதான். உனக்கு ஆங்கிலம், எனக்குத் துணைக்குப் போகிற வேலை. நம் ஊரில் பெண்பிள்ளையை எங்கே அனுப்பினாலும் கூட ஒரு ஆள் போகவேண்டும். அந்த ஆள் அங்கே என்ன செய்கிறாள், எதைப் பார்க்கிறாள், அவள் காதில் என்ன விழுகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஷேர் ஆட்டோவில் உன் புத்தகப் பையும் என் கீரைப் பையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். வகுப்பு முடிகிற வரை சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது என்று முருங்கைக்கீரையை எடுத்துப் போய், கதவோரம் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருப்பேன்.

மேடத்துக்குத் தமிழில் 'வேண்டாம்', 'போதும்', 'எவ்வளவு' என்ற மூன்று வார்த்தைகளைத் தவிர வேறு தெரியாது. நமக்கு வங்காளம் தெரியாது. நடுவில் ஆங்கிலத்தை விட்டால் வேறு வழியில்லை. அவர் இலக்கணப் புத்தகம் எதையும் திறந்ததே இல்லை. ஒரு மாதம் முழுக்க மலை. அந்தப் பாறை எப்படி உண்டானது, கோடையில் ஏன் தீப்பிடிக்கிறது, மேலே விழுகிற மழை எந்த ஏரிக்குப் போகிறது. அடுத்த மாதம் மனித உடம்பு. அதற்கடுத்து ஊர் ஊராகக் கல்யாண முறைகள். பாடத்தைப் பிடித்துக்கொள், மொழி தானாகப் பின்னால் வரும் என்பது அவர் வழி. ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தார். புரியாமல் தலையாட்டக் கூடாது. புரியவில்லை என்றால் கையைத் தூக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமும் புரியாமல் தலையாட்டியே பாஸ் செய்தவள் நான். நான் பிறந்து வளர்ந்த கீழ்பென்னாத்தூரில் எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் பாடத்தை வாசிப்பார், தமிழில் அர்த்தம் சொல்வார், நாங்கள் அர்த்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். அதனால் இந்தச் சட்டத்தைக் கேட்டதும் கீரை ஆய்கிற கை நின்றுவிட்டது.

உனக்கு ஞாபகம் இருக்கும். இருதயப் பாடம் நடந்த அன்று மேடம் கரும்பலகையில் படம் போட்டு, இருதயத்துக்கு நான்கு அறைகள் என்றார். பின்னாலிருந்து நான் கையைத் தூக்கி, "விச் ரூம் ஏசி, மேடம்?" என்று கேட்டுவிட்டேன். லாட்ஜ்காரன் பெண்டாட்டி வேறு எதைக் கேட்பாள்? மேடம் சிரித்துச் சிரித்து இருமி, தண்ணீர் குடித்தார். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நீ மட்டும் தலையைக் குனிந்துகொண்டாய். திரும்பி வரும்போது ஆட்டோவில், "நீ எதுக்கும்மா நடுவுல பேசுற? சும்மா கீரைய ஆயேன்" என்றாய். ஆனால் அன்றைக்கே மேடம் என் நாற்காலியை இரண்டு அடி முன்னால் இழுத்துப் போட்டுவிட்டார். கெட்ட ரத்தம் எந்த அறைக்கு வந்து எந்த அறை வழியாகப் போகிறது என்று என்னையும் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். அறையை அறையாகவே நினைத்துக்கொண்டு, கஸ்டமர் உள்ளே வருகிறான், சுத்தமாகி வெளியே போகிறான் என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு வகுப்பில் எனக்காகக் கைதட்டியது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான்தான் ராணி. நீ கூச்சத்தில் யோசித்து யோசித்துப் பேசுவாய். எனக்கு ஏது கூச்சம்? தப்போ சரியோ கொட்டிவிடுவேன். லாட்ஜுக்கு வெளிநாட்டுக்காரர்கள் போன் செய்தால் உன் அப்பா, "இந்தா, நீயே பேசு" என்று என்னிடம் கொடுத்துவிடுவார். பௌர்ணமிக்கு ரூம் இல்லை, வெந்நீர் காலையில் மட்டும், குரங்கு வரும், ஜன்னலைச் சாத்தி வையுங்கள், எல்லாம் நான்தான் சொல்வேன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று உன் அத்தை முணுமுணுத்தாள். முணுமுணுக்கட்டும். இலுப்பைப்பூவாக இருந்தாலும் அன்றைக்கு இனித்தது.

பிறகு நீ ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டாய். எந்த நாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏரிகளைப் பற்றி மேடம் உனக்கு ஒரு தடித்த புத்தகம் கொடுத்தார். நீ அதைப் பாய்போட்டுப் படுத்துக்கொண்டே படித்தாய். நான் நீ பள்ளிக்கூடம் போன பிறகு அதே புத்தகத்தை எடுத்து, அரிசி ஊறுகிற நேரத்தில் ஒரு பக்கம், உளுந்து அரைபடுகிற நேரத்தில் ஒரு பக்கம் என்று பார்ப்பேன். நான் நாலாம் பக்கத்தில் இருக்கும்போது நீ புத்தகத்தை முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாய். கேட்டிருந்தால் இன்னும் ஒரு வாரம் வைத்திருக்கலாம் என்று மேடம் சொல்லியிருப்பார். ஆனால் துணைக்கு வந்தவள் புத்தகம் கேட்டால் நன்றாகவா இருக்கும்? அடுத்த மாதம் ஒரு பிரெஞ்சுக்காரி லாட்ஜ் வாசலில் நின்று என்னமோ கேட்டாள். நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் உன் அப்பா, "நிவேதாவக் கூப்புடு. அவ கரெக்டா பேசுவா" என்றார். அந்தக் கரெக்ட் என்ற சொல் இன்றைக்கு வரை என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நீ வந்தாய், பேசினாய், அவள் உன் தோளைத் தட்டினாள். நான் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினேன். உள்ளே எரிந்தது. உன்னைப் பார்த்துப் பெருமையாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் பெருமை கம்மி, வயிற்றெரிச்சல் ஜாஸ்தி.

நீ சென்னைக் கல்லூரிக்குப் போனாய். ஹாஸ்டலில் நீ போட்ட முதல் போனில் சிரித்துக்கொண்டே, "மேடம் மெசேஜ் பண்ணாங்கம்மா. கடைசி நாற்காலி ஏன் காலியா கெடக்குன்னு கேக்குறாங்க" என்றாய். நானும் சிரித்தேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன்? இத்தனை நாளும் மகளுக்குத் துணை என்று போனேன். மகளே ஊரில் இல்லாதபோது யாருக்குத் துணை? தெருவில் நாலு பேர் எங்கே என்று கேட்டால், ஐம்பதை நெருங்குகிற வயதில் இங்கிலீஷ் கிளாசுக்கு என்று சொல்ல முடியுமா? வீட்டிலேயே கீரை ஆய்ந்தேன். ஆனால் உன் போன் வரும்போதெல்லாம், பின்னால் உன் தோழிகளோடு நீ ஆங்கிலத்தில் பேசுவதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். டிவியில் கீழே எழுத்து ஓடுகிற ஆங்கிலப் படங்கள், விலங்குகள், கடல், பழைய கோட்டைகள், எல்லாவற்றையும் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்பேன். உன் அப்பாவுக்குக் கூடத் தெரியாது. அவர் வந்தால் சீரியலுக்கு மாற்றிவிடுவேன்.

இப்போது அந்த நேர்முகத்துக்கு வருகிறேன். மேல்படிப்பு சீட்டுக்காக இங்கிலாந்திலிருந்து மூன்று பேர் லேப்டாப்பில் உன்னைக் கேள்வி கேட்டார்களே, அன்று நீ கூடத்தில், நான் சமையல்கட்டில். சத்தம் போடாதே என்று சொல்லிவிட்டாய், அதனால் மிக்ஸியைத் தொடாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மலையைப் பற்றிக் கேட்டார்கள், ஏரிகளைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னாய். நன்றாகச் சொன்னாய். அப்புறம் ஒரு அம்மாள், இவ்வளவு சின்ன ஊரிலிருந்து இந்த ஆங்கிலம் எப்படி வந்தது என்று கேட்டாள். நீ மேடத்தைப் பற்றிச் சொன்னாய். அதற்குப் பிறகு என்னைப் பற்றிச் சொன்னாய். என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, என் பாதுகாப்புக்காக மட்டும் ஒவ்வொரு வகுப்புக்கும் வந்து பின்னால் உட்கார்ந்திருப்பார், அந்தத் தியாகத்தை மறக்க மாட்டேன் என்று சொன்னாய். அந்த அம்மாள் "ஹவ் ஸ்வீட்" என்றாள். ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது, நிவேதா. நீ நல்ல மனதோடுதான் சொன்னாய். எனக்குத்தான் கத்தி வெங்காயத்தில் இறங்கவில்லை. தியாகமாம். நான் என்ன மெழுகுவர்த்தியா? எனக்கு அந்த வகுப்பு பிடித்திருந்தது. உன்னைவிட எனக்குத்தான் ஜாஸ்தி பிடித்திருந்தது என்று கூடச் சொல்வேன். பட்டம் உனக்கு, பயணம் உனக்கு, எனக்குக் கடைசியில் வாட்ச்மேன் வேலை என்று நினைத்தேன். நீ லேப்டாப்பை மூடிவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாய். என் கண்ணில் தண்ணீர். வெங்காயம் என்றேன்.

சீட் கிடைத்துவிட்டது என்று தெரிந்த அன்று தெரு முழுக்கக் கேசரி கொடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் உன்னைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்து, காய்ந்த மிளகாய், கல் உப்பு, வாசல் மண் எல்லாம் எடுத்துச் சுற்றினேன். ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு என்று எல்லாக் கண்ணையும் சொல்லிக்கொண்டே வந்து, ஒரு கண்ணை மட்டும் சொல்லாமல் விட்டேன். நீ மூன்று தடவை துப்பினாய். கொட்டாங்கச்சி நெருப்பில் போட்டேன். மிளகாய் கருகியது, உப்பு வெடித்தது, ஆனால் நெடி வரவில்லை. ஒரு தும்மல் கூட இல்லை. நெடி வரவில்லை என்றால் பலமான கண் பட்டிருக்கிறது என்று உனக்கும் தெரியும். நீ, "மொளகா பழசா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாய். அந்த மிளகாய் அந்த வாரம்தான் வாங்கியது. அது யார் கண் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கல்யாணப் பாடம் நடந்தபோது மேடம் ஒன்று சொன்னாரே, நீ மறந்திருப்பாய். அவர்கள் ஊர்ப்பக்கம் பிள்ளையின் கல்யாணத்தைப் பெற்ற தாய் பார்க்க மாட்டாளாம். வேறு அறையில் போய் உட்கார்ந்துகொள்வாளாம். நான்தான் ஏன் என்று கேட்டேன். தாயின் கண்ணே பிள்ளைமேல் பட்டுவிடும் என்ற பயம் என்றார். வகுப்பில் எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு மட்டும் ஆச்சரியமில்லை. "மை ப்ளேஸ் ஆல்சோ, மேடம். மதர் ஐ, நம்பர் ஒன் ஐ" என்றேன். பெத்தவ கண்ணுதான் பொல்லாத கண்ணு என்று என் அம்மா நான் சாப்பிடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டதைச் சொன்னேன். மேடம் அதைப் பலகையில் எழுதினார். எங்கேயோ இருக்கிற வங்காளத்துத் தாயும் கீழ்பென்னாத்தூர்த் தாயும் ஒரே கண்ணுக்குப் பயந்திருக்கிறார்கள் என்று அன்றைக்குச் சிரித்தோம். நெடி வராத அந்த மிளகாயைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொறாமையோடு போய் நின்று உன்னை வழியனுப்பினால் உனக்கு என்னென்ன ஆகுமோ என்று பயந்தேன். ஆகாயத்தில் அத்தனை மணி நேரம் போகப்போகிறவள் நீ. அதனால்தான் முட்டிவலி. வேறு அறையில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று பார்த்தேன்.

நேற்று மத்தியானம் பெரியம்மா வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் போனேனே, நான் கீழ்பென்னாத்தூருக்குப் போகவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து மேடம் வீட்டுக்குப் போனேன். மாடிப்படி ஏறும்போது கையில் கீரைப் பை இல்லாதது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. மேடத்துக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், கடைசி நாற்காலி வந்துவிட்டதா என்றார். உட்காரவைத்து டீ கொடுத்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். மகள்மேல் பொறாமை என்று ஆங்கிலத்தில் சொல்வது தமிழில் சொல்வதைவிடச் சுலபமாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை. இன்னொருத்தி சொல்வது போல இருந்தது. மேடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தன் கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்து, கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தன் அம்மாவைத் தேடியதைச் சொன்னார். வரமாட்டாள் என்று தெரிந்தும் தேடினாராம். உள்ளறையிலிருந்து வளையல் சத்தம் மட்டும் கேட்டதாம். அம்மா பொறாமையோடு பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை, பார்த்திருக்கலாம் என்றார். அம்மா போய் எவ்வளவோ காலமாகிறது, இன்னும் அந்தக் கோபம் தீரவில்லை என்றார். எனக்கு முழுக்கப் புரிந்தது. புரிந்துதான் தலையாட்டினேன்.

ஆகவே ஏர்போர்ட்டுக்கு வருகிறேன். முன் சீட் எனக்கு, உன் அப்பாவிடம் சொல்லி வை. கிளம்புவதற்கு முன் மறுபடி சுற்றிப் போடுவேன், இந்தத் தடவை பெத்தவ கண்ணைத்தான் முதலில் சொல்வேன், உன் காதில் விழும்படி சொல்வேன். நெடி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, வருவேன். நீ அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே போகிற வரை கண்ணை எடுக்காமல் பார்ப்பேன். பொறாமை அதற்குள் போய்விடும் என்று நினைக்காதே. அது போகாது. நீ அங்கே லைப்ரரியில் உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்தால் இப்போதே எரிகிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும், நானும் இருக்கிறேன்.

அங்கே போனபின் ஒன்றை மட்டும் மறக்காதே. புரியாமல் தலையாட்டாதே. பெரிய பெரிய ஆட்களெல்லாம் பேசுவார்கள். எல்லாருக்கும் புரிந்துவிட்டது, நமக்கு மட்டும் புரியவில்லை என்று தோன்றும். கையைத் தூக்கு. எந்த அறைக்கு ஏசி என்று கேட்டாலும் பரவாயில்லை, கேள். சிரிப்பார்கள், சிரித்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுவார்கள். வாரத்துக்கு ஒரு நாள் எனக்குப் போன் செய்து, அந்த வாரம் என்ன படித்தாய் என்று சொல்லு. சாப்பிட்டாயா, குளிராக இருக்கிறதா என்பதெல்லாம் உன் அப்பா கேட்டுக்கொள்வார். எனக்குப் பாடத்தைச் சொல்லு. அந்த ஊர் ஆறு எப்படி ஓடுகிறது, அங்கே பெண்ணுக்கு எப்படிக் கல்யாணம் செய்கிறார்கள், அம்மாக்காரி எங்கே நிற்கிறாள், எல்லாம் சொல்லு. மெதுவாகச் சொல்லு, ஆனால் தமிழாக்கிச் சொல்லாதே.

இன்று காலையில் உன் அப்பாவிடம், அடுத்த வாரத்திலிருந்து சாயந்தரம் செங்கம் ரோட்டுக்குப் போகப்போகிறேன் என்றேன். சாவிக்கொத்து சுழல்வது நின்றுவிட்டது. "இன்னாடி இது? பொண்ணுதான் ஊருக்குப் போறாளே, நீ யாருக்குத் தொணையா போற?" என்றார். "யாருக்கும் இல்லீங்க. படிக்கப் போறேன்" என்றேன். சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார். பிறகு, "அப்ப ராத்திரிக்கு டிபன்?" என்றார். அந்த மனிதரிடமிருந்து இதைவிடப் பெரிய சம்மதம் எதிர்பார்க்க முடியாது.

குக்கர் விசில் வந்துவிட்டது, முடிக்கிறேன். அங்கேயும் யாராவது உன்னிடம் ஆங்கிலம் எப்படி வந்தது என்று கேட்பார்கள். அப்போது அந்தப் பழைய பதிலைச் சொல்லாதே. நானும் என் அம்மாவும் ஒரே வகுப்பில் படித்தோம், நான் முந்திக்கொண்டேன், அவளுக்கு அதில் என்மேல் கோபம், பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல். ஏர்போர்ட்டில் அதை ஒரு தடவை என் எதிரே சொல்லிப் பார். ஆங்கிலத்திலேயே சொல். எனக்குப் புரியும்.

அம்மா